டாக்டருக்குப் பிடிபடாத கோளாறு

சாவியைத் திருப்பியதும் மீட்டருக்கு நடுவில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனதும் அது அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை.

"இன்னிக்கும் அதே கதைதான்," என்றார் மெக்கானிக். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி, வழி மறந்துபோனவர் போல உட்கார்ந்திருந்தார்.

மகள் கார் ஜன்னலில் சாய்ந்து நின்றாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று கணவன் வீட்டிலிருந்து அவளே ஓட்டிவந்த வண்டி அது. திரும்பிப் போகவேண்டிய காலையில் விளக்கு எரிய ஆரம்பித்தது.

அந்தத் தெருவில் அவருக்குப் பெயரே டாக்டர்தான். பானெட்டைத் திறக்காமல், சத்தத்தை வைத்தே எஞ்சினுக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இந்த வண்டிக்குப் பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார், ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஸ்கேனரைச் செருகி, அதன் சின்னத் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அணைத்துவைத்தார்.

முதல் நாள் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே அவர் பட்டறையிலிருந்து வீட்டுக்குள் வந்தபோது, மனைவி மகளின் பையைத் தூக்கி வாசலில் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் செருப்பு மாட்டாமல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"என்னங்க, சரியாச்சா? வெயிலுக்கு முன்னாடி கிளம்பட்டும்."

அவர் கதவருகிலேயே நின்று மகளைப் பார்த்தார்.

"இல்ல. இன்னும் பார்க்கணும்," என்று திரும்பிப் போனார். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

"டாக்டர்! சொந்தப் பொண்ணு வண்டியையே ஐசியுவுல போட்டுட்டீங்களா?" தெருவில் டாக்ஸியை நிறுத்திவிட்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். வருஷக்கணக்காக இவரிடமே வண்டி விடுகிறவர். "அப்புறம் என் வண்டியை எந்த தைரியத்துல உங்ககிட்ட விடறது?"

"வயசாகுதுல்லப்பா," என்று மெக்கானிக் சிரித்தார்.

டாக்ஸிக்காரரும் சிரித்தார். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருப் பட்டறைக்குத்தான் போனார். மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

மனைவி பட்டறைக்குள் வந்தாள். "ஓடுற வண்டிதானே? விளக்கு மேல ஒரு கறுப்பு டேப்பை ஒட்டி அனுப்பி விடுங்க."

"டேப்பை ஒட்டினா கோளாறு போயிடுமா?"

"கோளாறு இல்லாத வண்டி எங்க இருக்கு? கோளாறு இல்லாத வீடுதான் எங்க இருக்கு? மாப்பிள்ளை கோபக்காரர்தான். இவதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

"அம்மா, வெறும் கோபம்னா பரவாயில்ல. அவர் அன்னிக்கு..."

"ஆரம்பிக்காதே."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தார்.

அப்போது மகளின் போன் அடித்தது. மாப்பிள்ளைதான். காதிலிருந்து தள்ளிப் பிடித்தபோதும் அந்தக் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"ஒரு விளக்கை அணைக்கத் தெரியாதவன் என்னடி மெக்கானிக்கு? நாளைக்குக் காலையில என் ஆளைக் கூட்டிட்டு வரேன். அவன் பார்த்தா அஞ்சு நிமிஷம். பையைக் கட்டி ரெடியா இரு. மிச்சத்தை வீட்ல வெச்சுப் பேசிக்கறேன்."

"சரிங்க," என்றாள். போன் அணைந்த பிறகும் ஒரு தடவை "சரிங்க" என்றாள்.

"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள். அவள் குரலில் நல்லது எதுவும் இல்லை.

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் எதையும் தொடவில்லை. இரண்டு கைகளும் சும்மா தொங்கின.

"அப்பா."

"ம்."

"நாளைக்கு அவரோட ஆள் வந்தா உடனே கண்டுபிடிச்சிடுவான். தெரு முழுக்க உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அது வேண்டாம்ப்பா." அவள் பானெட்டருகே வந்தாள். "வண்டில கோளாறே இல்ல. ஃபில்டர்லேருந்து எஞ்சினுக்குப் போற குழாய் மேல ஒரு கனெக்டர் இருக்குல்ல? கிளம்பற அன்னிக்குக் காலையில நான்தான் அதைப் பிடுங்கி விட்டேன்."

அவர் நிமிரவில்லை.

"அது பக்கத்துலயே எத்தனை தடவை கை வெச்சீங்க! உங்க கண்ணுல படவே இல்லையேப்பா. கண்ணு அவ்வளவு மங்கிடுச்சா?" அவள் அழுதுகொண்டிருந்தாள். "மாட்டிடுங்க. விளக்கு அணைஞ்சிடும். நான் போயிடறேன். என்னால உங்க பேரு கெட வேண்டாம்."

அவர் மெல்ல வெளியே வந்து, எண்ணெய்க் கையை வேட்டியிலேயே துடைத்தார்.

"அதை நான் முதல் நாளே பார்த்துட்டேன்மா. அப்பவே மாட்டிட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள். "அப்ப விளக்கு ஏன் எரியுது?"

"சரியாயிடுச்சுன்னு சொல்லத்தான் உள்ள வந்தேன். வாசல்ல உன் முகத்தைப் பார்த்தேன். என்னன்னு கேக்க வாய் வரலை, திரும்பி வந்துட்டேன்."

"வந்து?"

"நானே கழட்டிட்டேன்."