நாலாம் பாகத்துப் பவுடர்

நிலக்கரி மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த குழந்தைவேல், தான் எட்டுப் பாகமும் பார்த்த உளவாளிப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். மனைவி செந்தாமரை ஜன்னல், மேசை, டிவி என்று ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலும் துடைத்தவள்தான்.

“மூணாவது பாகத்துல கப்பல் வெடிக்கும் பாரு, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. நாலாவதுல ஹீரோ ரூமை விட்டுக் கெளம்பறப்ப பெட்டி மேல பவுடரைத் தூவிட்டுப் போவான். வந்து பார்த்தா விரல் தடம் இருக்கும். எதிரி மாட்டிக்குவான். அதான் மூளை. கேக்கிறியா?”

“கேட்டுக்கினுதான் இருக்கேன். சுகர் முந்நூறுன்னு ரிப்போர்ட் வந்திருக்கே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

“மெஷின்ல ஏதோ கோளாறு. நாலு நாளா ஸ்வீட்டைக் கண்ணால கூடப் பார்க்கலை.”

செந்தாமரை ஸ்டூலில் ஏறி, மகள் வருவாளென்று பரண்மேல் வைத்திருந்த முந்திரி கேக் டப்பாவை அலுங்காமல் இறக்கி அவர் முன்னால் வைத்தாள். மூடியெல்லாம் கரித்தூசி. அதன் நடுவில் ஐந்து விரல் தடம்.

“அவன் பவுடர் தூவணும். நமக்கு மைன்ஸ் தூசி தானா வந்து விழுது. வூடு பூரா தொடைக்கிறவ, இந்த டப்பாவை மட்டும் நாலு நாளா தொடைக்கலைங்க.”