லீவு போடாத பேய்

"அந்தப் பேய் மேல என்ன தப்பு? முப்பது வருஷம் ஒரு நாள் லீவு போடாம உழைச்சவன்."

"போடாதேன்னு யாராவது கையைப் பிடிச்சாங்களா?"

முன் சீட்டில் இருந்த அப்பா உடம்பை முழுசாகப் பின்னால் திருப்பிக்கொண்டார். சீட் பெல்ட் கழுத்தை அறுத்தது. அதை அவர் கண்டுகொள்ளவே இல்லை.

பின் சீட்டில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

தியேட்டரிலிருந்து வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டிருந்த மகள் மூச்சுக் காட்டவில்லை. நான்கு மாதத்தில் இவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது இதுதான் முதல் தடவை. ஒரு தும்மல் போட்டால்கூடக் கலைந்துவிடுமோ என்று பயந்தாள்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ரிட்டையரான மறுநாளே வீட்டுக்கு ஒரு கால அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். காபி 6.10. காலைச் சாப்பாடு 7.40. ஆறு நிமிடம் தாமதமானால் சிவப்புப் பேனாவில் ஒரு சுழி.

ஒன்பதாம் நாள் அம்மா அதைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். இருவருக்கும் அன்றைக்கு மூடிய வாய்தான்.

அதற்கப்புறம் எல்லாமே மகள் வழியாகத்தான். "உங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு." அப்பா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "போதும்னு சொல்லு."

மகள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். கடைசியில் ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் போட்டு, இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பேய்ப் படம். பயத்திலாவது ஒரு வார்த்தை வரட்டும்.

கதை என்னவோ நல்ல கதைதான். லீவே போடாமல் செத்துப்போன ஒரு குமாஸ்தா, ஒரு மலை பங்களாவில் பேயாக இருக்கிறான். விடுமுறைக்கு வருகிறவர்களைக் காலை எட்டு மணிக்கு எழுப்பி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, மாலைவரை கோப்பு எழுத வைக்கிறான். எழுதாதவர்கள் காணாமல் போகிறார்கள்.

இடைவேளைவரை தியேட்டரில் யாரும் இருமக்கூட இல்லை. அதற்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு டாக்டர் வந்தார், ஒரு பொம்மை வந்தது, மழையில் ஒரு பாட்டு வந்தது. பேயே கொட்டாவி விட்டிருக்கும்.

"லீவுல வந்தவங்களை வேலை வாங்குற பேயாம்," என்றாள் அம்மா. "இதுக்கு மலைக்குப் போகணுமா? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்த்தாலே போதும்."

அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. போச்சு, முடிந்தது என்று நினைத்தாள் மகள்.

"அவனுக்கு வேற என்னதான் தெரியும், பாவம்," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

"பாவம்தான். ஆனா அவன் பொண்டாட்டியை ஒரு சீன்லகூடக் காட்டலையே. முப்பது வருஷம் காலையில எந்திரிச்சு அவனுக்கு டப்பா கட்டினவ. அவளுக்கு மட்டும் யாரு லீவு கொடுத்தா? நியாயமாப் பார்த்தா அவதான் பேயா வந்திருக்கணும்."

அப்பா அப்போதுதான் சீட் பெல்ட்டைக் கழுத்திலிருந்து இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீட்டுத் தெரு வந்தது. மகள் திரும்பாமல் நேராக ஓட்டினாள். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"வந்திருக்கலாம்தான்," என்றார் அப்பா மெதுவாக. "வந்திருந்தா படம் நல்லா இருந்திருக்கும்."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள்.

"அது கிடக்கட்டும். கடைசியில அந்தக் கிணத்துக்குள்ள இருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சே, அது எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

"அந்தச் சீன்தான் படமே," என்றார் அப்பா. "அந்தக் குரலு... எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

மகள் சட்டென்று கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள்.

படத்தில் கிணறே கிடையாது.

இடைவேளை முடிந்து கால்மணி நேரத்தில் அப்பா தூங்கிப்போயிருந்தார். படம் முடிந்து விளக்கு போடும்வரை அவர் தலை அம்மாவின் தோளில்தான் கிடந்தது. அம்மா அந்தத் தோளை அசைக்காமல், பாப்கார்னை இடது கையால் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடியில் அம்மாவின் பார்வை மகளைப் பிடித்தது. "வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்" என்றது அது.

"கிணத்துல தண்ணி இருந்துச்சா?" என்றாள் அம்மா.

"இல்லையே. வறண்ட கிணறு. அதான பயமே."

"இருந்துச்சுங்க. நீங்க சரியாப் பார்க்கல."

"நானா பார்க்கல? முப்பத்தோரு வருஷம் பஸ் நம்பரை அரை மைல் தூரத்துல இருந்து படிச்ச கண்ணு இது."

சண்டை மறுபடியும் சூடு பிடித்தது. மகள் இரண்டாவது தடவையாக வீட்டைத் தாண்டிப் போனாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பாதி அருமையாக இருந்து, இரண்டாம் பாதியில் ஆள் நிச்சயம் தூங்கிப்போகிற மாதிரி ஏதாவது படம் தெரிந்தால், பேரைக் கீழே எழுதுங்கள். வருகிற ஞாயிறு மதியத்துக்கு மகள் டிக்கெட் போட வேண்டும். கடைசிவரை நன்றாக இருக்கிற படத்தைத் தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.