அறுபத்திரண்டாவது கோடு

வியாகுலம்மாள் அக்கா இரண்டு பழைய சைடு டிரம்களோடு ராயபுரத்தில் என் டிரம் பழுதுபார்க்கும் கடைக்கு வந்தார். ஒன்று போன மாதம் இறந்துபோன அவர் கணவர் அருள்பிரகாசத்துடையது. மற்றது அவர் வாசித்த சாவு பேண்டுக்குத் திருப்பித் தரவேண்டியது.

"ரெண்டும் ஒரே மாரி கீது மேத்யூ. எது அவரோடது?"

இரண்டிலும் நிக்கல் பூச்சு. காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஒட்டியது, அது இரும்பு. இன்னொன்றில் வழுக்கி விழுந்தது, அது பித்தளை. அருள்பிரகாசத்துடையது பித்தளைதான்.

உறுதி செய்துகொள்ள அதன் தோலைக் கழற்றினேன். ஒவ்வொரு அடக்கத்துக்கும் வாசித்துவிட்டு வந்து, அவர் தோலைக் கழற்றி உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறுவார். இறப்பதற்கு முந்தின நாள் நான்தான் புதுத் தோல் போட்டுக் கொடுத்தேன். அப்போது இருவரும் எண்ணினோம். அறுபத்தொன்று. அதன்பிறகு அவர் எந்த அடக்கத்துக்கும் வாசிக்கவில்லை.

இப்போது அறுபத்திரண்டு இருந்தது. கடைசிக் கோடு மட்டும் கறுக்காமல் மஞ்சளாகப் பளபளத்தது.

"அவர் அடக்கத்துக்கு இத யாராவது வாசிச்சாங்களாக்கா?"

"இல்லியே. பீரோ மேலயே கெடந்துச்சு."

அக்கா அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"அடக்கம் முடிஞ்சு வூட்டுக்கு வந்து, குளிச்சிட்டு, இத கீறிட்டுதான் சோறு கேப்பாரு," என்றார். பிறகு முந்தானையால் கோட்டைத் துடைத்தார். "அவர அடக்கம் பண்ண அன்னிக்கு வூட்ல அடுப்பே பத்த வைக்கலியே, மேத்யூ."