ஏழு மரத்துக்கு நாற்பத்தாறு கையெழுத்து

சர்ச் ஹாலில் உட்கார இடமில்லை. கைக்குழந்தையோடு பின்னால் நின்றிருந்த ஒரு பெண்ணுக்கு ஜெரூஷா தன் நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லாவரம், மேடவாக்கம் என்று போய்ப் பருவநிலை மாற்றத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பேசுவாள். நான்கு வருடத்தில் இருபத்திரண்டு கூட்டம். வந்தவர்கள் டீ குடித்தார்கள், கொட்டாவி விட்டார்கள், போய்விட்டார்கள். இதுவும் அப்படிப் போனால் இனி மைக்கைத் தொடுவதில்லை என்ற முடிவோடுதான் சேலையூருக்கு வந்திருந்தாள்.

பக்கத்துத் தெருவில் ஏழு தூங்குமூஞ்சி மரங்கள். தெருவை அகலப்படுத்த அவற்றை வெட்டப் போவதாகப் பேச்சு. தெருக்காரர்கள் கையெழுத்தோடு நாளைக்கே ஒரு மனு போனால் காப்பாற்றிவிடலாம்.

இந்த முறை அவள் படம் போட்டுக் காட்டவில்லை, புள்ளிவிவரம் சொல்லவில்லை.

"மத்தியானம் குழாயைத் திறந்தா வெந்நீர் கொட்டுது இல்ல? உங்க தெரு மரத்தடியில வெறுங்காலோட நின்னு பாருங்க. அப்புறம் பத்தடி தள்ளி வந்து நில்லுங்க. அந்தப் பத்தடியைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்."

ஒருவரும் அசையவில்லை. வெளியே ஹால் ஜெனரேட்டர் காதைப் பிளந்தது. அதையும் மீறிக் கேட்டார்கள். ஏசிக் குளிரில் குழந்தைகள்கூட அழாமல் தூங்கின.

ஒரு மணி நேரம் கழித்து அவள் முடிக்கப் பார்த்தபோது முன்வரிசையில் இருந்த புஷ்பம் பதறிவிட்டாள்.

"அதுக்குள்ள இன்னா மேடம் அவசரம்? நிதானமா பேசுங்க."

"ஆமா மேடம், இன்னும் சொல்லுங்க" என்று பத்துக் குரல்கள்.

ஜெரூஷா மைக்கை மறுபடி கிட்டே இழுத்துக்கொண்டாள். இன்னும் ஒரு மணி நேரம் பேசினாள். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். ஒரு பாட்டி கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டாள். அதற்கும் சந்தோஷமாகப் பதில் சொன்னாள்.

"ஆமா, ஆம்பளைங்க யாரையும் காணோமே?"

"எல்லாரும் தெரு வேலையா போயிருக்காங்க மேடம். காலைலேர்ந்து ஒருத்தரும் சோறுகூட துன்னல" என்றாள் புஷ்பம், பெருமையாக.

இப்படியும் ஒரு தெருவா என்று ஜெரூஷா மலைத்துப் போனாள்.

மனு சுற்றி வந்தது. மறுப்பே இல்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாத ஓர் அம்மா, பேனா மையைக் கட்டைவிரலில் தேய்த்துக்கொண்டு அழுத்தி ரேகை வைத்தாள். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு!

நான்கு வருடம் வீண் போகவில்லை. விஷயத்தில் தப்பில்லை, சொல்லும் விதத்தில்தான் தப்பு இருந்திருக்கிறது. அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். புஷ்பத்தின் கணவர் அசரியா. சட்டை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. தலையெல்லாம் மரத்தூள்.

"கரன்ட் வந்துட்ச்சி, எல்லாரும் வூட்டுக்கு வாங்க!"

ஹாலே எழுந்து கைதட்டியது. பைகளை எடுத்துக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் வாசலுக்கு நகர்ந்தது. ஜெரூஷா மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

"நேத்து மாதிரி மறுபடியும் போயிடாதே?" என்றாள் புஷ்பம்.

"இனிமே இன்னாத்துக்குப் போவுது? லைன்ல உரசிகினு இருந்த ஏழு மரத்தையும் சாய்ச்சிட்டோம்ல!"