ஒரே ஒரு நல்லது

“ஒரே ஒரு நல்லது. ஒண்ணே ஒண்ணு சொல்லு பாவா. நான் கூட்டத்தைக் கலைச்சிட்டு எறங்கிப் போயிடறேன்.”

கோதண்டம் மைக்கை நீட்டினார். அவர் பாவா என்று உரிமையோடு கூப்பிடும் பள்ளித் தோழர் ஜெபசீலன் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நாற்காலி கிடைக்காமல் ஜனம் சுவரோரம் நின்றிருந்தது. மரபணு மாற்றிய விதை வேண்டாம் என்று விவசாயிகள் கோதண்டம் தலைமையில் கூட்டிய கூட்டம். மேடையில் ஒரு கூடை நாட்டுக் கத்திரிக்காய்.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஜெபசீலனுக்கு அங்கே வேலையே இல்லை. டீக்கடையில் ஒரு நாள், “மரபணுவை மாத்தினாலே விஷம்னு சொல்லிட முடியாதுங்க. எதை மாத்தறாங்க, எதுக்கு மாத்தறாங்கன்னு பார்க்கணும்” என்று வாய் தவறிச் சொன்னதோடு சரி. அது கோதண்டத்தின் காதுக்குப் போய், அவர் மேடையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

“அதால ஒரு உசுரு பொழைச்சிருக்கா? சொல்லு.”

ஜெபசீலன் மைக்கை வாய்வரைக்கும் கொண்டுபோனார். கோதண்டத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய வலது காலைப் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தோணல.”

மண்டபம் சிரித்தது.

“கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்ததை வீட்லயே வெச்சிட்டு வந்துட்டாரு போல” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“இனிமே மாத்திரை வேணும்னா அரக்கோணத்துக்கு ரயிலேறிப் போய்க்கலாம்பா. இவரு கடை வேணாம்” என்றார் சேட்டு. அவருக்கு மாதா மாதம் மருந்து கொடுப்பதே ஜெபசீலன்தான். நிறையப் பேர் கைதட்டினார்கள்.

கோதண்டம் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“போன ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணிக்கினேன். மரபணுவை மாத்திச் செஞ்சது எதுவும் என் ஒடம்புக்குள்ள போவாது. உசுரே போனாலும் சரி.”

யாரும் சந்தேகப்படவில்லை. முன்பு காவடிக்கு விரதம் இருந்த சமயம், காலில் புண். செருப்புப் போட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் கெஞ்சிப் பார்த்தார். விரதம் முடிகிறவரை போடமாட்டேன் என்று வெறுங்காலோடு படியேறினார் கோதண்டம். வலது கால் கட்டை விரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து அவர் பேச்சுக்கு ஊரில் தனி மரியாதை.

ஜெபசீலன் மேடையிலிருந்து இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் கடைக்கு நடந்தார்.

மகள் கெசியா அவருக்கு முன்னால் வந்து கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். மருந்துப் படிப்பு முடித்துப் போன வாரம்தான் ஊருக்கு வந்தவள். மண்டபத்தின் பின்வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“ஏம்ப்பா அப்டி நின்னீங்க?”

“தண்ணி குடும்மா.”

“இன்சுலின்னு ஒரு வார்த்தை போதுமேப்பா. கிருமியோட மரபணுவை மாத்தித்தான அதைச் செய்யறாங்க? இந்த ஊர்லயே எத்தினி பேரு தெனமும் போட்டுகினு இருக்காங்க? மண்டபமே வாயை மூடியிருக்கும்.”

“ஆங்.”

“தெரிஞ்சுதான நின்னீங்க?”

ஜெபசீலன் தண்ணீரைக் குடித்து முடித்தார். “அவன் சொல்றதும் நியாயந்தாம்மா. வருஷா வருஷம் விதைக்குக் கம்பெனி வாசல்ல போய் நிக்கணும்னா எந்த விவசாயிக்குக் கோவம் வராது?”

“நான் அதைக் கேக்கல.”

“வேற எதையும் கேக்காத.”

“கடைக்கே ஆளு வராம பண்ணிட்டாங்கப்பா. நீங்க சொல்லலன்னா போங்க. அந்த மாமா இந்தப் பக்கம் வரட்டும், மூஞ்சிக்கு நேரா நான் சொல்றேன்.”

ஜெபசீலன் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கோதண்டமே வந்தார். விரல் இல்லாத காலைச் சாய்த்து வைத்து நடந்து வந்தார். தோளில் ஒரு பிளாஸ்க் தொங்கியது.

“இன்னா பாவா, கோவமா? அந்த சேட்டு ஏதோ கத்தறான். நான் வேற கடைக்குப் போயிடுவேனா?”

“கோவம்லாம் இல்ல. ஒக்காரு.”

“பள்ளிக்கூடத்துலேர்ந்து பார்க்கறேன். பேச வேண்டிய எடத்துல உனக்கு வாயே வராது. ஒரு நல்லது சொல்லத் தெரியல, கம்பெனிக்கு வக்காலத்து.”

“தெரியலப்பா.”

கெசியா எழுந்தாள். “நான் ஒண்ணு சொல்லட்டா மாமா?”

“கெசியா” என்றார் ஜெபசீலன்.

“சொல்லட்டும் பாவா, படிச்ச பொண்ணு. உன்னை மாதிரியா?” கோதண்டம் பிளாஸ்க்கை இறக்கி, மூடியைத் திருகிக் கவுண்டரில் வைத்தார். உள்ளே பாதிக்கு ஐஸ் கட்டி. “அதுக்கு முன்னாடி என் இன்சுலினை எடும்மா. காலையில போட்டதோட தீர்ந்துபோச்சு. ஒரு வேளை விட்டாக்கூட மயக்கம் வந்துடுது. எப்பவும் உங்கப்பாதான் அட்டையைப் பிரிச்சி எறிஞ்சிட்டு, குப்பியை மட்டும் உள்ள வெச்சுக் குடுப்பாரு.”

கெசியா பிளாஸ்க்கைப் பார்த்தாள். அந்தக் காலைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபிரிட்ஜைத் திறந்தாள். அட்டைப் பெட்டியின் ஓரத்தில், அது எப்படிச் செய்யப்பட்டது என்று பொடி எழுத்தில் இருந்தது. பெட்டியைப் பிரித்துக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். குப்பியை ஐஸுக்குள் வைத்து மூடியைத் திருகினாள்.

“இன்னாம்மா, ஏதோ சொல்றேன்னியே?”

“சாப்பாட்டுக்கு முன்னாடி மறக்காம போட்டுக்குங்க மாமா” என்றாள் கெசியா. “அதான் நல்லது.”