உப்புப் பார்க்காத வீடு

உப்பைப் போட்ட பிறகுதான், ஏற்கெனவே போட்டது அவருக்கு நினைவு வந்தது.

அல்லது போட்டதுபோல இருந்தது.

கிழங்கு வேகும்போது ஒரு தடவை. பால் கொதிக்கும்போது ஒரு தடவை. சீஸுக்குள் இருக்கும் உப்பு அவர் புத்தியில் ஏறவே இல்லை.

ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் அதுதான் கூடாது. காக்கைக்கு வைக்கும்முன் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. முப்பத்துநாலு வருஷமாக அவர் மனைவி உப்புப் பார்க்காமலேதான் சமைத்தாள். பெரும்பாலும் அவள் கைக்கு அளவு தெரியும்.

அவர் கைக்கு டிவி ரிமோட்டைத்தான் தெரியும்.

வெண்ணெய் இல்லை. க்ரீம் இல்லை. ஆடை எடுத்த பால், ஒரு கரண்டி சோள மாவு, பாதி சீஸ். நடுவே மெல்லிய வில்லைகளாக அடுக்கிய உருளைக்கிழங்கு. மகள் வரும் சனிக்கிழமைகளில் மனைவி செய்கிற அதே பதார்த்தம்தான். இதயத்துக்கு ஆகாததையெல்லாம் அவர் எடுத்துவிட்டார். எடுத்தது போக மிச்சம் இருந்தது உருளைக்கிழங்கும் அவரும்.

ஓவன் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார். மேலே பொன்னிறம் கட்டிக்கொண்டிருந்தது.

அழகாகத்தான் இருந்தது. பயமே அதுதான்.

மனைவி கூடத்தில், வந்திருந்த மகளுக்கும் மருமகனுக்கும் நடுவே சோபாவில் இருந்தாள். வாசல்கதவு வரை நடந்தால் மூச்சு வாங்கியது. வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. செவ்வாய்க்கிழமைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். வருகிறீர்களா இல்லையா என்று இன்று மூன்று மணிக்குப் போன் செய்து கேட்பார்கள்.

மகள் கேட்டுப் பார்த்தாள். மனைவியின் அண்ணன் வந்து கேட்டுப் பார்த்தார். பார்க்கலாம் என்றாள்.

அவரும் கேட்டார். பதினோரு தடவை.

திறந்துதான் பார்க்கட்டுமே அம்மணி, உள்ளே நான் இருக்கிறேனா இல்லையா என்று எனக்கும் தெரிந்துவிடும் என்றார் ஒரு தடவை. புது வால்வுக்கு எத்தனை வருஷம் கேரண்டி, வாய்க்கும் ஒன்று போடுவார்களா, எனக்கு வேண்டும் என்றார் இன்னொரு தடவை.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, பார்க்கலாம் என்றாள்.

கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால் பந்தி ஆறிப்போகும்வரை விடாத வாய் அவருடையது. வேறு விதமாகக் கேட்க அதற்குத் தெரியவில்லை.

பால்கனிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்தார். பக்கத்தில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு.

காக்கை சோற்றைத் தின்றது. உருளைக்கிழங்கை ஒருமுறை கொத்தியது. அலகைச் சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. அவரைப் பார்த்தது.

போய்விட்டது.

அவர் உள்ளே திரும்புவதற்குள் மகள் ட்ரேயை மேசைக்குக் கொண்டுபோய்ப் பரிமாறியே முடித்திருந்தாள்.

சூப்பர் என்றாள் மகள். வித்தியாசமாக இருக்கிறது மாமா என்றார் மருமகன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இந்த வீட்டுப் பழக்கம் அவருக்கும் பிடிபட்டுவிட்டது.

மனைவி தட்டை நீட்டினாள். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கடைசியாக உட்கார்ந்தார். ரசம் சோற்றைப் பிசைந்து, ஒரு துண்டைத் தொட்டுக்கொண்டு வாயில் வைத்தார்.

கடல்.

சிறுவாணித் தண்ணீர் ஜக் இரண்டாம் முறை நிரம்பி வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி தின்றுகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு ஒரு நாளைக்கு அரை ஸ்பூன் உப்பு. மருந்துச் சீட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தார் டாக்டர்.

எழுந்துபோய் அவள் தட்டைப் பிடுங்கினார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"நீங்க என்னைக்காச்சும் சொல்லியிருக்கீங்களா?" என்றாள்.

சொன்னதில்லை. கரித்த நாளில் பிரமாதம் என்றிருக்கிறார். சப்பென்று இருந்த நாளில் அடடா என்றிருக்கிறார். கூடவே ஒரு ஜோக்கு. அவள் சிரித்துக்கொண்டே தன் தட்டின்முன் உட்கார்ந்து, முதல் வாயிலேயே தெரிந்துகொண்டிருப்பாள்.

அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

மேசைமேல் போன் கிடந்தது. மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிஷம்.

தட்டும் கையுமாக நின்றார். ஒரு ஜோக்கு வாய்வரை வந்தது. நல்ல ஜோக்கு.

விழுங்கினார்.

"அம்மணி, ஆபரேசன் பண்ணிக்கிறயா, வேண்டாமா?"

மகள் கை சோற்றிலேயே நின்றது. அப்பா ஒரு கேள்வியை இப்படி வெறுமனே கேட்டு அவள் பார்த்ததில்லை.

மனைவி டம்ளரை எடுத்தாள். குடிக்காமலே கீழே வைத்தாள். விளிம்பை விரலால் துடைத்தாள்.

"பண்ணிக்கோணும்னுதான் இருக்குது," என்றாள். "அந்த ரூமுக்குள்ள நீங்க வர முடியாதில்லீங்க. அதான் பயமா இருக்குது."