சன்னலைச் சாத்திவிட்டு

போர்வையை வாஷிங் மெஷினில் திணித்துச் சுற்றவிட்டாள். துவைத்து, காய்ந்து, மடித்து வைத்திருந்த போர்வைதான். சன்னல்களை முன்பே சாத்தியாகிவிட்டது.

"ஏங்க, எல்லாத்தையும் மூடியே வச்சிருக்கீங்க?" என்றாள் வீடு பார்க்க வந்த வங்கிக்காரரின் மனைவி.

"தூசிங்க. ரோட்டுல வேலை நடக்குது."

அது பொய். சாயங்கால விமானம் கூரையை உரசுவதுபோல் இறங்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் இவர்கள் சரியென்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். இதுவரை வந்தவர்கள் எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிப்போனவர்கள்.

வீடு விற்றால்தான் மகளோடு போய் இருக்க முடியும். கணவர் போனபின் சுவர்களோடு பேசிப் பேசி, தன் குரலே அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது.

"சார், சமையலறையைப் பாக்கலியே?"

வங்கிக்காரர் அதற்குள் மாடிப்படியில் கால் வைத்திருந்தார். "மொட்டை மாடியில மறைப்பு எதுவும் இல்லையே?"

"எந்த வீட்டுக்குப் போனாலும் இவருக்கு மாடிதான்," என்று மனைவி முகத்தைச் சுளித்தாள். "கீழ குடித்தனம் பண்ணப்போறவ நான்."

"மேல வெயில்தான் சார், வேற ஒண்ணுமில்ல..." அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் ஏறிவிட்டார்.

அவள் கை தானாகவே அலமாரிக்குப் போய்க் கண்ணாடித் தம்ளர்களை அணைத்துப் பிடித்தது. சத்தம் காதுக்கு எட்டுமுன் கைக்குத் தெரிந்துவிடும். அத்தனை வருடப் பழக்கம்.

வீடே அதிர்ந்தது. வாஷிங் மெஷினின் இரைச்சல் போன இடம் தெரியவில்லை. வங்கிக்காரரின் மனைவி காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கையில் கைப்பேசி. சாட்சிக்குப் படம் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தாள்.

"இது தினமும் வருமா?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தாள். மகளின் முகம் குறுக்கே வந்து நின்றது.

"இந்த மாசம் வரைக்கும்தான் சார். எதிர்வீட்டுக்காரர் ஏர்போர்ட்லதான் வேலை பாக்கறார். அடுத்த மாசத்துலேர்ந்து அதை வேற பக்கமா இறக்கப்போறாங்களாம். அப்புறம் பாருங்க, ஈ பறந்தாக்கூடக் கேக்கும்!"

இவ்வளவு சரளமாகத் தனக்குப் பொய் வருமென்று அவளுக்கே தெரியாது.

வங்கிக்காரர் கடைசிப் படியிலேயே உட்கார்ந்தார். கைப்பேசியை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். திரை முழுக்க நெற்றி புடைத்த பழைய ஜம்போ விமானம், நான்கு இன்ஜின்களோடு, சக்கரங்களை நீட்டிக்கொண்டு.

"இதுக்காகத்தாம்மா இந்த வீட்டையே பாக்க வந்தேன்."